வியர்க்காத சாட்சி

மேஸ்திரி ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். டேப்பின் ஒரு முனையைச் சட்டத்தின் மூலையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை இழுத்து, கண்ணைச் சுருக்கி எண்ணைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தார். ஜன்னலுக்கு நேர் கீழே கட்டிலில் அவன் படுத்திருந்தான். டேப் அவன் முகத்துக்கு மேலே போய்ப் போய் வந்தது. பார்லரிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்த அவள், கையில் ஈரத்துண்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதுக்கு அளக்கறீங்க?"

"ஏசி மாட்டத்தான் தங்கச்சி. முதலாளியே சொல்லி அனுப்பினார். தம்பிக்குச் சூடு ஆகாதுன்னு கேள்விப்பட்டாராம், மனசு கேக்கலையாம்." மேஸ்திரி டேப்பை விட்டார். அது விர்ரென்று உள்ளே போய்ச் சுருண்டது. "கரன்ட் பில்லையும் அவரே பாத்துக்குவார். அது ஒண்ணும் பிரச்சினை இல்ல."

அவள் துண்டை அவன் நெற்றியில் போட்டாள். துண்டு விழுந்த இடத்தில் ஆவி வராத குறை. அவளுக்கு அந்த ஜன்னலில் ஒரு வெள்ளைப் பெட்டி உட்கார்ந்திருப்பது அப்போதே தெரிந்தது. அது உறுமுவதுகூடக் கேட்டது. மதியத்தில் ஓடி வர வேண்டாம். இரவில் அலாரம் வைத்து எழுந்து அவன் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். தூங்கலாம். பகலில் யாருடைய தலைக்கோ சாயம் பூசிக்கொண்டே கண் செருகாமல் இருக்கலாம்.

"இதுக்குப் பதிலா நான் என்ன செய்யணும் மேஸ்திரி?" என்றான் அவன், துண்டுக்கு அடியிலிருந்து.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் தம்பி. அதான் விஷயமே. இந்த வெயில்ல கோர்ட்டு மாடியெல்லாம் ஏறி உடம்பைக் கெடுத்துக்காதே. உடம்புக்கு முடியலைன்னு ஒரு வரி. அவ்வளவுதான். நீ பெருவிரலை வெச்சா போதும், எழுதறதை நாங்க எழுதிக்குவோம்."

அவன் தலையை ஆட்டித் துண்டைக் கண்ணிலிருந்து தள்ளினான்.

"அளந்தது போதும். டேப்பைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அவன் சொன்னதை அவள் மாற்றிச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்ததைப் போல நின்றார். அவளுக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. வாய் வரை வந்தது. ஆனால் வெளியாள் முன்னால் புருஷன் பேச்சைத் தள்ளிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கதவை மட்டும் அகலத் திறந்து பிடித்தாள்.

அவர் போன பிறகு பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? படுத்திருக்கறது நீங்க. ஓடறது யாரு?"

"நீதான்."

"தெரியுதில்ல?"

"தெரியுது. அதுக்காகச் செத்துப்போன குச்சியைக் குடிகாரன்னு ஒத்துக்கச் சொல்றியா?"

அவள் துண்டை எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்தாள். பிழிந்த வேகத்தில் சுவரெல்லாம் தெறித்தது.

அவனுக்கு வியர்க்காது. தகரக் கூரை போடுகிற வேலையில் வெயிலிலேயே வெந்து வளர்ந்த உடம்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். கூரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியதிலிருந்து அந்த உடம்பு தன் வேலையை மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி அவளை உட்கார வைத்து விளக்கியிருந்தாள். "மூளை நல்லாத்தான் இருக்கு. சூடாயிடுச்சு, வேர்வையை விடுன்னு சொல்லத்தான் செய்யும். ஆனா அந்தச் சொல்லு கழுத்துக்குக் கீழே போய்ச் சேராது. தோலுக்குக் கேக்காது. குளிர்ல நடுங்கச் சொன்னாலும் நடுங்காது. ரூம் எப்படியோ உடம்பும் அப்படி. இனிமே நீங்கதான் பாத்துக்கணும்." மற்றவர்கள் உடம்பு யாரையும் கேட்காமல், ஒரு பேச்சு இல்லாமல், தானாகச் செய்துகொள்கிற காரியத்தை அன்றிலிருந்து அவள் செய்து வந்தாள். கோடையில் அவனுக்கு வியர்வையாக இருந்தாள். பனிக்காலத்தில் நடுக்கமாக இருந்தாள். பார்லரில் தலைமுடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கட்டில் காலில் தொங்கவிட்டிருந்தாள். அதை முதலில் பார்த்தபோது, "என்ன, ஸ்டெப் கட்டிங்கா?" என்று கேட்டான். விழுந்த பிறகு அவன் அடித்த முதல் கிண்டல் அது. அவள் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

குச்சி அவனோடு சேர்ந்து விழுந்தவன். நெட்டையாக, ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்ததால் எல்லோருக்கும் அவன் குச்சி. அவன் பிழைக்கவில்லை. குடித்துவிட்டுக் கூரையேறினான், இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டான், தடுமாறி விழும்போது பக்கத்தில் இருந்தவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தான் என்பதுதான், நஷ்டஈட்டு வழக்கில் முதலாளியான கான்ட்ராக்டர் கோர்ட்டில் கொடுத்திருந்த பதில். கேட்கக் கேட்க ஊரும் அதையே சொல்லப் பழகியிருந்தது. குச்சியின் மனைவி வேலை பார்த்த அச்சகத்தில், யாராவது பேப்பர் கட்டைக் கோணலாக அடுக்கினால், "என்ன, குச்சி மாதிரி தள்ளாடுது" என்று சிரித்திருக்கிறார்கள், அவள் அங்கே நிற்பது தெரிந்தே. ஆரம்பத்தில் அவள் வாரம் தவறாமல் இவனைப் பார்க்க வருவாள். கட்டிலுக்கு ஓரமாக, ஏதோ கடன்பட்டவள் போல, விளிம்பில் உட்காருவாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். இவள் ஒருமுறை வழியில் பார்த்துக் கேட்டபோது, "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது அண்ணி?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

"அவளும் நம்பிட்டா," என்றான் அவன், இப்போது. "அது ஒண்ணுதான் எனக்குத் தாங்கல. நான் போய் என் வாயால சொல்றேன். அவ கேக்கணும்."

"எழுதிக் குடுத்தா ஆகாதா? நம்ம வக்கீலம்மாவே கேட்டாங்களே, வீட்டுக்கே ஆள் வரச் சொல்லவான்னு."

"வந்தா அவ கேப்பாளா? அந்தக் கான்ட்ராக்டர் கேப்பானா?" கண்ணை மூடிக்கொண்டான். "இந்தக் கட்டிலுக்கு எல்லாரும் வந்து வந்து என்னைப் பாத்துட்டுப் போறாங்க. ஒரு தடவை நான் போறேன்."

மறுநாள் அவள் பார்லரில் இன்னொரு பாட்டில் கேட்டு வாங்கினாள்.

கோர்ட்டில் லிஃப்ட் இல்லை. அவர்கள் வழக்கு மாடியில். வேன் டிரைவரும் வாசலில் நின்ற இரண்டு ஆட்களும் சக்கர நாற்காலியைத் தூக்கப் பிடித்தபோது ஒரு மூலைக்குக் கை குறைந்தது. அவள் குனிவதற்குள் வேறொரு கை வந்து சக்கரத்தைப் பிடித்தது. குச்சியின் மனைவி. மெலிந்து கன்னம் ஒட்டியிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ம், தூக்குங்க," என்று மட்டும் சொன்னாள். திருப்பத்தில் நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தபோது அவன், "மெதுவாப்பா, ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தாச்சு," என்றான். வேன் டிரைவர் சிரித்துவிட்டார். சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது.

வழக்கைக் காலையில் கூப்பிட்டார்கள். கான்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, ஒரு காகிதம் வந்து சேரவில்லை, மதியத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். மிகவும் பணிவாகக் கேட்டார். வராந்தாவில் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. நிழலைத் துரத்திக்கொண்டு அவள் நாற்காலியைத் தள்ளித் தள்ளி வைத்தாள். முகத்தில், கழுத்தில், கையில், பாதத்தில் தண்ணீரை அடித்தாள். அட்டையால் விசிறினாள். தண்ணீர் காயக் காயத்தான் சூடு இறங்கும். ஆனால் அந்தக் காற்றே சுட்டது. அவர்கள் பக்கத்து வக்கீலம்மா, சின்னப் பெண், ஓடி ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "வேணும்னேதான் இழுக்கறாங்க. இன்னொரு நாள் வாங்கிக்கலாமா?" என்றாள்.

"இன்னொரு நாளும் வெயில் அடிக்கும்," என்றான் அவன்.

மதியம் உள்ளே கூப்பிட்டார்கள். உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கிய மின்விசிறிகள் காற்றைக் கீழே அனுப்பாமல் மேலேயே வைத்துக்கொண்டன. கான்ட்ராக்டர் பின் வரிசையில், வெள்ளைச் சட்டையில், கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேஸ்திரி. சாட்சிக் கூண்டுக்குப் படி இருந்ததால் நாற்காலியை அதன் அருகிலேயே நிறுத்தினார்கள். நீதிபதி, மூக்கு நுனியில் கண்ணாடி இறங்கிய நடுத்தர வயதுப் பெண், "முடியுமா உங்களால?" என்று கேட்டார்.

"முடியும்மா. அதுக்குத்தான் வந்தேன்."

கான்ட்ராக்டரின் வக்கீல் அவசரமே படவில்லை. தகரத்தின் நீளம் என்ன, அகலம் என்ன, எந்தப் பக்கம் முதலில் போட்டீர்கள், ஏணி மரமா இரும்பா என்று கேட்டார். கேட்டதையே வேறு மாதிரி கேட்டார். இடையில் காகிதங்களைப் புரட்டினார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். காதோரம் சிவந்துகொண்டு வந்தது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் அடித்தாள். வக்கீல் தன் மேஜையிலிருந்த காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதென்னங்க இது? கோர்ட்டா, குளியலறையா? ஆவணம் எல்லாம் நனையுது."

சேவகர் அவளிடம் வந்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். நீதிபதி, "தேவைப்பட்டா அடிங்க. மேஜைப் பக்கம் போகாம பாத்துக்குங்க," என்றார். அவள் மறுபடி பாட்டிலை உயர்த்தினாள்.

"தெளிக்காதே," என்றான் அவன்.

அவள் கை அப்படியே நின்றது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவனுடைய எல்லாப் பார்வையும் அவளுக்குப் பாடம். தலைவலி என்றால் ஒரு பார்வை, தாகம் என்றால் ஒன்று. இது எதிலும் சேராத பார்வை. கூரை மேல் நின்று கீழே இருப்பவர்களைப் பார்க்கிறவனின் பார்வை. அவன் என்ன செய்யப் போகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. பாவி, என்று நினைத்தாள். பாட்டிலைத் தாழ்த்தினாள். ஆனால் மூடியைத் திருகித் தளர்த்தி வைத்துக்கொண்டாள்.

"இறந்துபோனவர் குடிப்பாரா, மாட்டாரா? அதைச் சொல்லுங்க," என்றார் வக்கீல்.

"குடிப்பான். லீவு நாள்ல குடிப்பான். நானும் கூடச் சேர்ந்து குடிச்சிருக்கேன். அன்னிக்குக் குடிக்கல."

"அன்னிக்கு அவர் உளறினார், தள்ளாடினார்னு கீழே இருந்தவங்க எல்லாம் சொல்லியிருக்காங்களே?"

"உளறினான். நெசம்தான். தள்ளாடினான். அதுவும் நெசம்." பெஞ்சில் உட்கார்ந்திருந்த குச்சியின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "காலையில இருந்து மேல தண்ணி வரல. ஏத்த ஆள் இல்லைன்னுட்டாங்க. தகரம் கொதிக்குது. இறங்கிக்கறேன்னு குச்சி கேட்டான். இந்த வரிசையை முடிச்சிட்டு இறங்குன்னு மேஸ்திரி சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரத்துல அவன் பேச ஆரம்பிச்சான். சம்பந்தா சம்பந்தமில்லாம. என்னடா, காலையிலேயே ஊத்திக்கிட்டியான்னு கீழே இருந்து கேட்டாங்க. நான் போய் அவன் கையைப் பிடிச்சேன். ஒரு சொட்டு வேர்வை இல்ல. காஞ்சு கிடந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி சுட்டுது. கூரைக்காரன் கை மத்தியானத்துல காஞ்சு நான் பாத்ததே இல்ல."

"கயிறு? கயிற்றை அவர்தானே அவிழ்த்தார்?"

"எந்தக் கயிறு? கட்டினாத்தானே அவுக்கறதுக்கு? எங்களுக்குக் கயிறே குடுக்கல."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். வக்கீல் ஒரு அடி முன்னால் வந்தார். "சரி. விழும்போது உங்களை இழுத்துக்கிட்டு விழுந்தார். அதாவது ஒத்துக்குவீங்களா?"

"இல்ல." அவன் மூச்சு வாங்கினான். உதடு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. நாக்கால் பிரித்தான். "வீட்டுக்கு வந்துட்டோம், கதவைத் தொறன்னு சொல்லிக்கிட்டே ஓரத்துக்கு நடந்தான். அவன் பொண்டாட்டி பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். வாசப்படின்னு நெனச்சுக் காலை எடுத்து வெச்சான். நான் ஓடிப் போய் இடுப்பைப் பிடிச்சேன். அவன் என்னை இழுக்கல. நான்தான் அவனை... விடல."

பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சு எங்கோ மாட்டிக்கொண்டு விடுபட்ட சத்தம்.

வக்கீல் மறுபடி ஆரம்பித்தார். ஏணியைப் பற்றி. இந்த முறை அவன் பதில் கோணலாக வந்தது. "ஏணி... தண்ணி இரும்பு," என்றான். சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்தன. தலை ஒருபக்கம் தொங்கி மறுபடி நிமிர்ந்தது. கண் சிவந்து, பார்வை எங்கோ நழுவியது. அவள் விரல்கள் பாட்டிலின் மேல் வெளுத்துப்போயின. இன்னொரு சொல், இன்னும் ஒரே ஒரு சொல், அதற்கு மேல் நான் உன் பேச்சைக் கேட்கமாட்டேன் என்று மனதுக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாருங்கம்மா," என்று வக்கீல் நீதிபதியிடம் திரும்பினார். "சாட்சி சுய நினைவோட இல்ல. உளர்றார். இவர் சொன்னது எதையும் பதிவுல வெச்சுக்கக் கூடாதுன்னு கேட்டுக்கறேன்."

"இதான்," என்றான் அவன்.

நாக்கு தடித்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கி வெளியே போட்டான். "இதான்... குச்சி. இப்படித்தான்... பேசினான். நான்... குடிச்சிருக்கேனா? வாங்க. வந்து மோந்து பாருங்க."

யாரும் வரவில்லை. அவன் தலை மார்பில் விழுந்தது.

அவள் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாட்டிலை அவன் உச்சந்தலையில் கவிழ்த்தாள். அடுத்த பாட்டிலையும் கவிழ்த்தாள். நீதிபதியின் மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடியை, யாரிடமும் கேட்காமல், எடுத்து வந்து கழுத்திலும் மார்பிலும் ஊற்றினாள். தண்ணீர் தரையில் ஓடி மேஜைக் காலைச் சுற்றியது. "காகிதம், காகிதம்!" என்று வக்கீல் கத்தினார்.

"நனைஞ்சா காய வெச்சுக்குங்க!" என்றாள் அவள். இத்தனை பேர் முன்னால் தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "காகிதம் காயும். இவரு காஞ்சா நீங்க திருப்பித் தருவீங்களா?"

நீதிபதி எழுந்து நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவன் இருமி, கண்ணைத் திறந்து, தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிறவன் போல அவளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உட்கார்ந்தார். தட்டச்சு செய்கிறவரைப் பார்த்து, "சாட்சி கடைசியா சொன்னது வரைக்கும் எழுதியாச்சா?" என்றார்.

"மோந்து பாருங்கன்னு சொன்னதையுமா?"

"அதையும்தான். எல்லாத்தையும்."

வழக்கு வேறொரு தேதிக்குப் போனது. என்ன தீர்ப்பு வரும், வருமா என்று வக்கீலம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் கண்கள் மட்டும் பளபளத்தன.

கீழே இறக்கி, முன்வாசல் படிகளின் மேல்தட்டில் நிழலாக ஓர் இடம் பார்த்து நாற்காலியைச் சாய்த்து வைத்தார்கள். வேன் டிரைவர் வண்டியைக் கொண்டுவரப் போனார். அவள் அவன் பிடரியில் கை வைத்தாள். சூடு விட்டபாடில்லை.

"உங்களுக்கு இருக்கு, வீட்டுக்கு வாங்க," என்றாள்.

"எப்படி, பயந்துட்டியா?"

"பேசாதீங்க. வாயைத் தொறந்தா நானே படியில உருட்டிவிட்டுடுவேன்."

குச்சியின் மனைவி எங்கே போனாள் என்று தெரியவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலே போய்விட்டாள் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, தெருவைக் கடந்து அவள் ஓடி வந்தாள். ஜூஸ் கடைக்காரரிடம் வாங்கிய பெரிய ஐஸ் கட்டி ஒன்றைத் தன் துணிப்பையில் போட்டு மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. படியேறி வந்து, மூச்சு வாங்க மண்டியிட்டு, அந்த மொத்தக் கட்டியையும் அவன் பிடரியில் வைத்து அழுத்தினாள். அவன் உடம்பில் உணர்வு மிச்சமிருந்த இடம் அது. ஒரு கெட்ட வார்த்தையை அவன் வாய்விட்டுக் கத்தினான். படியில் போன வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"திட்டுங்கண்ணா," என்றாள் குச்சியின் மனைவி. "நல்லாத் திட்டுங்க." அழுதுகொண்டே சிரித்தாள். அவன் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து கான்ட்ராக்டர் வந்தார். அவருடைய கார் இன்னும் வரவில்லை. படிகளின் அடியில் நின்று, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் புதிதாக அரும்பியது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் மேலே பார்க்கவில்லை. ஐஸ் உருகிய தண்ணீர் நாற்காலியின் அடியிலிருந்து கிளம்பி, முதல் படியில் தயங்கி, வழி கண்டுபிடித்து அடுத்த படிக்கு இறங்கியது. வெயிலில் சுட்ட கல் அதை ஓரங்களில் உறிஞ்சிக்கொண்டே வந்தும் அது நிற்கவில்லை. கடைசிப் படியைத் தாண்டி அவர் செருப்பின் விளிம்பைத் தொட்டது. அவர் காலை நகர்த்தி வைத்தார். தண்ணீர் அந்தப் பக்கமும் வந்தது.